விரதத்துக்காக நான் விட்ட மாத்திரை

கார்த்திகை நான்காம் நாள் காலை, தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது என் இடது கைக் கட்டைவிரல் தானாகத் துடித்தது. வலி இல்லை. வலது கையால் அதைப் பிடித்து நிறுத்தினேன். விட்டதும் மறுபடி துடித்தது. விடிவதற்கு முன்பே பச்சைத் தண்ணீரில் குளித்ததால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காரணம் அதுவல்ல என்று உள்ளே தெரியும். அதற்கு முந்தைய மூன்று இரவுகள் நான் மாத்திரை போட்டிருக்கவில்லை.

மாத்திரையின் பெயர் குளோனசெபாம் (பென்சோடயசெபைன் என்ற வகையைச் சேர்ந்தது, பதற்றத்தைத் தணிக்கும், தூக்கம் தரும், வலிப்பைத் தடுக்கும்). இரண்டரை ஆண்டுகளாக அதைப் போட்டுவந்தேன். அதை நிறுத்தியதில் நான் செய்த தவறையும், பிறகு முறையாக நிறுத்தியபோது நடந்ததையும் எழுதுகிறேன். இதே மாத்திரை உங்கள் தலையணை அருகிலும் இருந்தால், நான் சொல்வதை ஒரு நோயாளியின் அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அளவையும் வேகத்தையும் உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது பாளையங்கோட்டையில். திருமணமாகித் திருவனந்தபுரம் ஆரியசாலைக்கு வந்தேன். என் கணவர் சங்கரின் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சாலைக் கடைத்தெருவில் பருப்பும் மிளகாய் வற்றலும் மொத்த விலைக்கு விற்கிறது. சங்கர் கடைக்குப் போகவில்லை. நாங்கள் இருவரும் கழக்கூட்டத்தில் வெவ்வேறு மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்கிறோம். நான் சோதனைப் பிரிவு. ஒரு மென்பொருள் எங்கெங்கே தவறக்கூடும் என்று யோசிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். அந்த யோசனை அலுவலக நேரத்தோடு நிற்பதில்லை.

மகள் மித்ரா பிறந்த நான்காம் மாதம் ஒரு மத்தியானம் மார்பு இறுகி, உதடு மரத்து, நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று முழுமையாக நம்பினேன். இ.சி.ஜி. சரியாக இருந்தது. பீதித் தாக்குதல் (ஆபத்து எதுவும் இல்லாதபோதே உடல் பேராபத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்வது) என்றார் மருத்துவர். குளோனசெபாம் அரை மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு மட்டும் எழுதினார். பிறகு வந்து பார்க்கச் சொன்னார்.

நான் போகவில்லை. இரண்டே நாளில் நன்றாகிவிட்டேன். நன்றாக இருக்கும்போது எதற்குப் போவது?

சீட்டு தீர்ந்த பிறகும் மாத்திரை தீரவில்லை. மாமாவுக்கு, அதாவது சங்கரின் அப்பாவுக்கு, கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்காரர் சிறுவயது முதல் பழக்கம். மாமாவுக்கு மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து தூக்குவாளியில் போகும். மாலையில் காலி வாளி திரும்பும்போது மேலடுக்கில் பத்து மாத்திரை கொண்ட அட்டை ஒன்று இருக்கும். எவரும் எதுவும் கேட்கவில்லை. குழந்தைக்குக் கிரைப் வாட்டர் வருவதுபோல அதுவும் வந்தது. அந்தக் கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். நான்தான் மாமாவிடம் கேட்டேன். ஒன்றரை ஆண்டு கழித்து, அரை போதவில்லை என்று ஒன்றாக ஆக்கியதும் நான்தான்.

எங்கள் வீட்டில் சங்கர் ஆண்டுதோறும் ஐயப்பனுக்கு மாலை போடுவார். நாற்பத்தொரு நாள் வீடு முழுவதும் விரதம். அதில் அத்தை, சங்கரின் அம்மா, ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. மாலை போடுகிறவர் மட்டுமல்ல, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒன்றை அந்த நாற்பத்தொரு நாளும் விட வேண்டும். முதல் நாள் மாலை விளக்கேற்றியதும் அத்தை ஒவ்வொருவராகக் கேட்பார்.

"நான் பொடி," என்றார் மாமா.

"போன வருசமும் பொடிதான். பன்னெண்டாம் நாளே கடையிலேர்ந்து தும்மிக்கிட்டு வந்திய."

"அது மிளகாய் வத்தல் நெடி."

"மிளகாய் வத்தல் மூக்குல கறுப்பா ஒட்டியிருக்குமோ? சரி, கோமு, நீ என்னட்டி விடப்போறே?"

"காப்பி," என்றேன்.

வாய் காப்பி என்றது. மனத்துக்குள் மாத்திரை என்று சொன்னேன். அதற்கு முந்தைய வாரம் மித்ரா என் பையிலிருந்து அட்டையை எடுத்து "அம்மாக்க மிட்டாயி" என்று ஆட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்திருந்தாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. அவளைப் பள்ளியில் சேர்ப்பதற்குள் மாத்திரை போடாத அம்மா ஆகிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்திருந்தேன். தனியாக அதைச் செய்ய எனக்குத் திடம் போதாது. விரதம் என்றால் ஒரு பிடிமானம் கிடைக்கும். மாமா பொடியை விடுகிறார், நான் இதை விடுகிறேன். இரண்டும் பழக்கம்தானே? அப்படித்தான் நினைத்தேன். பொடியை விட்டால் எரிச்சல் வரும். இந்த மாத்திரையைத் திடீரென விட்டால் வலிப்பே வரலாம் என்பது எனக்குத் தெரியாது. இணையத்தில் ஒரு நொடி தேடியிருந்தால் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் பத்துமுறை தேடிப் பார்க்கிற நான் இதைத் தேடவில்லை. தேடினால் விடமுடியாமல் போய்விடும் என்று பயந்தேன் போல.

ஆறாம் நாள் சத்தங்கள் கூர்மையாயின. சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைக்கிற ஒலி பல்லில் பட்டது. எட்டாம் நாள் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. சோற்றைத் தண்ணீர் விட்டு விழுங்கினேன். தோலுக்கடியில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. இதையெல்லாம் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. விரதத்தில் சோதனை வரும் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். இது சோதனை, தாண்டினால் முடிந்தது என்று எண்ணினேன். ஒவ்வொரு நாளும் காலண்டரில் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. சங்கருக்கு இன்னொரு கறுப்பு வேட்டி வாங்க மித்ராவைக் கூட்டிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். முற்பகல் பதினொரு மணிக் கூட்டம். லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டே ஹாரன் அடித்தது. அந்த ஒலி உடம்புக்குள் புகுந்து வெளியே போகவில்லை. தெரு தட்டையாகிவிட்டது, படத்தில் இருப்பதைப்போல. அடுத்து எனக்கு நினைவிருப்பது, மூடிய கடையொன்றின் ஷட்டரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டு கைகளாலும். அப்படியானால் மித்ராவின் கை எங்கே?

எவ்வளவு நேரம் என்று இன்றுவரை தெரியாது. ஐந்து நிமிடமாக இருக்கலாம். இரண்டு கடை தள்ளி, நீலச் சட்டை போட்ட, சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி ஒருவர் அவளை ஒரு மூட்டைமேல் உட்கார வைத்திருந்தார். மிளகாய் மூட்டை. அவள் தும்மிக்கொண்டிருந்தாள்.

"சேச்சி, இது உங்க மோளல்லே?" என்றார் அவர். "ஒரு கையில பை, ஒரு கையில ஃபோனா இருந்திருக்கும். பிள்ளையப் பிடிக்க மூணாவது ஒரு கை வாங்கணுமோ?"

ஃபோன் பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. பார்த்திருந்தால்கூட அது புரிகிற தவறு. அவளைத் தூக்கிக்கொண்டேன்.

மித்ரா அழவில்லை. என் முகத்தைத் திருப்பி, "அம்மா, நீ எவ்விட போயி?" என்று கேட்டாள்.

நீ எங்கே போனாய் என்று குழந்தை கேட்டது. தொலைந்தது அவள் இல்லை, நான் என்பதுபோல. அந்த நிமிடத்திலிருந்து ஒன்று மட்டும் எனக்கு உறுதியானது. இந்தக் குழந்தையோடு என்னைத் தனியாக விடக்கூடாது. அதன் பிறகு வந்த பதினாறு பதினேழு மாதங்கள் எனக்கு இதைப் பற்றியவைதான். மாத்திரையை நிறுத்துவது எல்லாம் அதற்கு அடுத்ததாகிவிட்டது.

அன்று மாலை சங்கரிடம் சொன்னேன். மாலை போட்ட காலத்தில் அவரை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். சாமி கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "கோபப்படக் கூடாதுன்னு இருக்கேன். அதனால நீ தப்பிச்சே," என்றார். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா கோமதி? ஒரே வீட்டுலதானே இருக்கோம்?"

அத்தைதான் கோபப்பட்டார்.

"எதையாவது விடுன்னா மருந்தையா விடுவா? சீனிய விடு, சீரியல விடு. எனக்குந்தான் சுகர் மாத்திரை இருக்கு. அதை விட்டுட்டு நிக்கேனா நான்?"

"அது நோய்க்கு அத்தை."

"இது பின்னே என்ன, வேண்டுதலுக்கா?"

அதை ஒரு நோய்க்கான மருந்தாக நான் ஒருநாளும் நினைத்திருக்கவில்லை. ஒரு கெட்ட பழக்கமாகத்தான் மறைத்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை மனநல மருத்துவரைப் பார்த்தோம். ஐம்பது வயதுள்ள மலையாளிப் பெண்மணி. வரிசையில் காத்திருந்தபோது, மலையாளத்தில் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். உள்ளே போனதும் எல்லாம் மறந்தது. அவர், "தமிழில பறஞ்சோளு, எனக்கு மனசிலாகும்," என்றார். அவருக்குத் தமிழ் புரியும் என்றதும் அரை மணி நேரம் பேசினேன். விரதம் என்று சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க விரதத்துக்கு நிறுத்தினீங்களா, வேற எதுக்கு நிறுத்தினீங்களான்னு ப்ரெயினுக்குத் தெரியாது கேட்டோ. வலிப்பு வராம தப்பிச்சது பாக்கியம்."

பிறகு விளக்கினார். வீட்டில் பாத்திரம் கழுவ ஒரு ஆள் வைத்துக்கொண்டால், இருப்பவர்கள் கழுவ மறந்துவிடுவார்கள். மூளைக்கும் தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் வேலை ஒன்று உண்டு. இரண்டரை ஆண்டு மாத்திரை அந்த வேலையைச் செய்தது. ஆளைத் திடீரென நிறுத்தினால் அன்றைக்கே பாத்திரம் குவியும். "ஆளைத் திரும்பக் கூப்பிடுவோம். பிறகு வாரத்தில ஒரு நாள் லீவ் கொடுப்போம், பிறகு ரெண்டு நாள். அப்படி பதுக்கெப் பதுக்கெ," என்றார். மெதுவாக, மெதுவாக. உண்மையில் நாட்களை விட்டுவிட்டுப் போடவில்லை. தினமும்தான் போட்டேன், அளவைத்தான் குறைத்தோம். இதற்குப் படிப்படிக் குறைப்பு (உடல் பழகும்வரை காத்திருந்து ஒவ்வொரு சிறு அளவாகக் குறைப்பது) என்று பெயர்.

அரை மில்லிகிராமில் மறுபடி தொடங்கினோம். அன்று இரவே நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து, தூங்கிவிட்டேனே என்று அழுதேன். விரதம் முறிந்தது என்று ஒரு பக்கம் அழுகை. இன்னொரு பக்கம், இந்தச் சின்ன வெள்ளை மாத்திரை இல்லாமல் நான் ஒன்றுமே இல்லை என்று அழுகை.

குறைப்பு ஒன்பது மாதம் எடுத்தது. ஒவ்வொரு குறைப்புக்கும் பிறகு நான்காம், ஐந்தாம் நாள் பதற்றம் ஏறும். இரண்டு வாரத்தில் இறங்கும். இந்த ஒழுங்கு தெரிந்த பிறகு கொஞ்சம் எளிதானது. என் சிக்கல் வேறொன்றாக இருந்தது. மாத்திரையைக் கால்வாசியாக வெட்டினால் நான்கு துண்டும் சமமாக வராது. ஃபோனின் உருப்பெருக்கியில் வைத்துப் பார்ப்பேன். பெரிய துண்டை எடுத்தால் ஏமாற்றுகிறேன் என்று தோன்றும். சிறியதை எடுத்தால் ஆபத்து என்று தோன்றும். ஒரு நாள் இருபது நிமிடம் நான்கு துண்டுகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அருகிலிருந்த சங்கரிடம், "வெட்டறதும் டப்பாவில போடறதும் இனி உங்க வேலை. இவங்க எடுத்து விழுங்கினா போதும்," என்றார். ஏழு அறை கொண்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று வந்தது. சங்கர் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை நிரப்பினார். ஒரு முடிவைக் குறைத்தது எனக்கு மாத்திரையைக் குறைத்ததைவிடப் பெரிய உதவி. உங்களுக்கும் இப்படித் துண்டுகளை ஒப்பிடும் குணம் இருந்தால், அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஓணத்துக்கு முந்தைய வாரம் கடைசித் துண்டும் முடிந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள், ஓணத்துக்கா எனக்கா என்று எவரும் சொல்லவில்லை. முதல் மூன்று வாரம் நன்றாக இருந்தேன். அதுதான் என்னை ஏமாற்றியது.

நான்காம் வாரம் வந்தது பதற்றம் இல்லை. துக்கமும் இல்லை. எதுவும் இல்லாமை. மித்ரா பள்ளியில் பாடிய பாட்டை முன்னால் நின்று பாடுவாள். அடுத்த வீட்டு டி.வி. ஒலிபோலக் கேட்கும். கை தட்ட வேண்டும் என்று தெரியும், தட்டுவேன். சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று தெரியாது. குளிப்பதற்கு முன் அரை மணி நேரம் குளியலறை வாசலில் நிற்பேன். இது சில வாரம் நீடித்த பிறகு பதற்றமும் வந்து சேர்ந்தது. இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று முன்பு எனக்குப் புரிந்ததில்லை. எதிலும் அக்கறை இல்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் பயம்.

மாத்திரை இல்லாத அம்மா ஆகிவிட்டேன். இதற்காகவா?

மருத்துவர் என்னிடம் நேராகக் கேட்டார், சாகலாம் என்று தோன்றுகிறதா என்று. சாக வேண்டும் என்று தோன்றவில்லை, ஆனால் காலையில் கண் விழிக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது என்றேன். அந்த வாக்கியத்தை நான் வீட்டில் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. சங்கர் பக்கத்தில் இருந்தார். அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தது எனக்குத் தெரிந்தது. இப்படிப்பட்ட எண்ணம் உங்களுக்கு இருந்தால் மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

மனச்சோர்வுக்கான மாத்திரை ஒன்றைப் பரிந்துரைத்தார். அது பழைய வகையைச் சேர்ந்தது அல்ல, வேறு விதமாக வேலை செய்வது, நிறுத்தும்போது மட்டும் இதையும் மெதுவாக நிறுத்த வேண்டும் என்று விளக்கினார். நான் ஒரு மாதம் மறுத்தேன். ஒரு மாத்திரையிலிருந்து வெளியே வர ஒன்பது மாதம் ஆகியிருந்தது. இன்னொன்றுக்குள் எப்படிப் போவது?

அத்தைதான் ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டே, "மாத்திரை போடாம இருக்கதுக்குப் பட்டம் எதும் தாராவளா?" என்று கேட்டார். எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலே பல வாரங்களுக்குப் பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி. மறுநாள் தொடங்கினேன். முதல் பத்து நாள் குமட்டல். ஆறாம் வாரம் சாம்பாரில் உப்பு குறைவு என்று சொன்னேன். "பேசாம உன்ன மாத்திரை இல்லாமலே விட்டிருக்கலாம்," என்றார் அத்தை.

ஆனால் மித்ராவோடு தனியாக இருப்பது மட்டும் ஆகவில்லை. கடைத்தெருவில் அது நடந்த அன்றிலிருந்து அவளைக் குளிப்பாட்டுவது சங்கர்; பள்ளியில் சேர்ந்த பிறகு விடுவது மாமா, கூட்டிவருவது அத்தை. வீட்டில் வேறொருவர் இருக்கும்போதுதான் நான் அவளருகில் உட்காருவேன். அத்தை அன்பாகத்தான், "நீ வேலையப் பாரு, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்," என்பார். அந்த வாக்கியம் எனக்கு நிம்மதி தரும். கொஞ்ச நேரத்தில் மித்ரா சீப்பை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து தன் ஆச்சியிடம், அத்தையிடம், போவாள். அப்போது அந்த நிம்மதி போய்விடும். அவள் என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திக்கொண்டிருந்தாள். நான்கு வயதுக் குழந்தைக்கு அது கோபம் இல்லை. யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்று அதற்குத் தெரியும், அவ்வளவுதான்.

மருத்துவர் ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். என்னைவிட இளைய பெண். படிநிலைப் பயிற்சி (பயப்படும் சூழலைச் சிறு சிறு அளவில் எதிர்கொண்டு பழகுவது) என்று ஆரம்பித்தோம். ஒரே அறையில் கதவைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம், வெளியே அத்தை. பிறகு கதவைச் சாத்தி. பிறகு அத்தை மாடியில். பிறகு அத்தை கோயிலுக்குப் போய்வரும் நேரம். ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்துப் பயத்துக்குப் பத்தில் இத்தனை என்று எழுத வேண்டும். பயம் இறங்கும்வரை இடத்தைவிட்டுப் போகக்கூடாது. நான் நல்ல மாணவி. எல்லாம் எழுதினேன். நாற்பத்தைந்து நிமிடம்வரை வந்தது. அதற்கு மேல் போகவில்லை. நாற்பதாம் நிமிடத்தில் வாசலைப் பார்க்கத் தொடங்குவேன்.

பங்குனியில் திருநெல்வேலியில் அத்தையின் அண்ணன் இறந்துபோனார். அத்தையும் மாமாவும் விடியற்காலை வண்டியில் கிளம்பினார்கள். சங்கருக்கு அன்று கொச்சியில் தவிர்க்க முடியாத கூட்டம். மித்ரா மூன்றரைவரை பள்ளியில் இருப்பாள், நான்கு மணிக்குச் சங்கர் வந்துவிடுவார், அரை மணி நேரம்தான் என்று கணக்குப் போட்டு ஒத்துக்கொண்டேன். வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்தேன்.

பத்தரைக்குப் பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போங்கள்.

ஆட்டோவில் போய்த் தூக்கி வந்தேன். மடியில் அனலாக இருந்தாள். வீட்டு வாசலில் என் துப்பட்டாவில் வாந்தி எடுத்தாள். நூற்றிரண்டு டிகிரி. சங்கரைக் கூப்பிட்டேன்.

"இப்பவே கிளம்பட்டுமா? கிளம்பினாலும் நாலு மணி நேரம் ஆகும். எதிர்வீட்டுச் சேச்சிய வந்து இருக்கச் சொல்லவா?"

வரச் சொல்லு என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அதற்குள் மித்ரா மறுபடி ஓங்கரித்தாள். "இரு, அப்புறம் கூப்பிடுதேன்," என்று வைத்துவிட்டேன்.

குழந்தை மருத்துவர் முன்பு எழுதித்தந்த காய்ச்சல் மருந்து இருந்தது. ஐந்து மில்லி. மூடியின் கோட்டைப் படித்தேன். சீட்டைப் படித்தேன். மறுபடி மூடியைப் படித்தேன். மூன்றாம் முறை படிக்கப் போனபோது அவள், "அம்மா, தா," என்று வாயைத் திறந்தாள். கொடுத்துவிட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து அவளைத் துடைக்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் அது வந்தது. மார்பு இறுகியது, காது அடைத்தது, தெரு தட்டையானதுபோல அறையும் தட்டையாகத் தொடங்கியது. இவளுக்கு ஏதாவது ஆகப்போகிறது, நான் இங்கே இருக்கமாட்டேன், மறுபடி எங்கேயோ போய்விடுவேன் என்று நினைத்தேன். பத்தில் பத்து. எழுதுவதற்கு நோட்டு இல்லை, பேனா இல்லை. கையில் ஈரத் துணி இருந்தது. அதைப் பிழிந்தேன். நெற்றியில் வைத்தேன். எடுத்தேன். நனைத்தேன். பிழிந்தேன். பயம் இறங்கியபின் செய்வோம் என்று நிற்க முடியாத வேலை அது. பயத்தோடேயே செய்தேன். கை அதன்பாட்டுக்கு வேலை செய்வதைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மித்ரா மடியில் ஏறி என் மார்பில் காதை வைத்துப் படுத்தாள்.

"அம்மா, உள்ளே ஆரோ ஓடுது."

"ஆமா. ஓடும்."

"எங்க போகுது?"

"எங்கயும் இல்ல. சும்மா ஓடும். கொஞ்சம் கழிச்சு உக்காந்துக்கும்."

அவள் சற்று நேரம் கேட்டாள். "சாரமில்ல," என்றாள். பரவாயில்லை என்பதற்கு அவள் பள்ளியில் சொல்லும் மலையாளச் சொல். பிறகு மற்ற காதை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

நான் மறுபடி சங்கரை அழைக்கவில்லை. எதிர்வீட்டுக் கதவையும் தட்டவில்லை. துணிச்சல் என்று சொல்லமாட்டேன். மடியில் அவள் இருந்தாள், எழுந்தால் விழித்துவிடுவாள்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மறுவாரமே, காய்ச்சல் விட்டு அவள் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சாதாரண மாலையில், அத்தை காய்கறி வாங்கப் போனபோது பயந்தேன். இப்போதும் வரும். மனச்சோர்வு மாத்திரையை இன்னும் போடுகிறேன். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார். நெஞ்சு வேகமாக அடிக்கும்போது முன்பு அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்வேன், என்ன சொல்லவருகிறது என்று காது கொடுப்பேன். இப்போது அது பெரும்பாலும் எதுவும் சொல்லாது என்று தெரிந்திருக்கிறது. பள்ளியில் விடுவதும் கூட்டிவருவதும் இப்போது நான். தலை வாரிவிடுவதில் மட்டும் ஆச்சிதான் கெட்டிக்காரி என்று மித்ரா சொல்லிவிட்டாள்.

அன்று சங்கர் வந்தபோது நாங்கள் இருவரும் தரையில் பாய்மேல் கிடந்தோம். அவள் என் கைமேல் தூங்கிக்கொண்டிருந்தாள். சங்கர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். வியர்த்திருந்தது, சூடு இறங்கியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தனை மணிக்குத் தூங்கினா?"

அவளோடு இருந்த ஒவ்வொரு நிமிடத்தையும் கடிகாரத்தில் பார்த்து எழுதிவந்தவள் நான். யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

"வெயில் அப்ப அந்த ஜன்னல்ல இருந்துச்சு," என்றேன்.